தூக்கத்தில் வந்த வாவா

“வா... வாவா...”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட அசதியில் பாயில் படுத்திருந்த ராமசுப்பு தூக்கத்தில் இப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். சிரித்ததோடு விடாமல் வலது காலை ஒரு வெட்டு வெட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த முத்துத்தாயின் சுளகு அந்த உதையில் பறந்துபோய்ச் சுவரோரம் விழுந்தது.

சத்தம் கேட்டு எழுந்தவன், வீடு முழுக்க அரிசியையும் நடுவில் பெண்டாட்டியின் முகத்தையும் பார்த்தான்.

“என்னட்டி ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. தூக்கத்துல வாவா, வாவான்னு சொல்லிச் சிரிச்சீக.”

ராமசுப்புவுக்கு மிச்சத் தூக்கமும் போய்விட்டது. “அது பொம்பள இல்லட்டி. ஆம்பிள.”

“பொம்பளன்னு நான் சொன்னேனா?”

சொல்லவில்லைதான். ஆனால் அவள் சொல்லாமல் விட்ட விதத்தைப் பார்த்த ராமசுப்பு, முழுவதையும் சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவுசெய்தான்.

“பிரேசில் நாட்டுக்காரரு. பந்து ஆடுதவரு. நம்ம தியேட்டர்ல படத்துக்கு முன்னால ஒரு ரீல் போடுதாங்க. அதுல வாராரு.”

அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த முத்துத்தாயின் கை நின்றது. “தியேட்டருக்கா போனீக?”

“ஆமா.”

“என்னைக்கு?”

“இந்த வாரம் பூராவும்.”

“சொசைட்டில வேல கெடக்குன்னு லேட்டா வந்தீகளே, அதா?”

“அதான்.”

“யாரு கூடப் போனீக?”

அப்பாடா என்றிருந்தது ராமசுப்புவுக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி கடைசியாக வந்துவிட்டது.

“யாரு கூடயும் இல்ல. கோமதியம்மன் சாட்சியாச் சொல்லுதேன், நான் தனியாத்தான் போனேன்.”

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தான். அது இருந்ததைவிட இன்னும் கொஞ்சம் வாடியது.

“தனியாத்தான் போனீக” என்று அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு, சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சாயங்காலம் காப்பி வந்தது. காப்பியோடு வழக்கமாக வரும் பேச்சு வரவில்லை.

ராமசுப்பு நெசவாளர் சொசைட்டியில் கிளார்க். பள்ளிக்கூடத்துக் காலத்தில் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்து படித்தவன். அங்கே ஐம்பத்தெட்டாம் வருசம் வார்டன் ஒரு நாள் இங்கிலீஷ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பிரேசில்காரர்கள் உலகக் கோப்பையை வாங்கிவிட்ட கதையைச் சோற்று வரிசையில் நின்ற பையன்களுக்கு வாசித்துக் காட்டினார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இரண்டு காலும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும் கரிஞ்சா. காய்ந்த இலை விழுவதுபோலப் பந்தை இறக்கும் தீதி. இடித்துக்கொண்டு உள்ளே போகும் வாவா. பதினேழு வயது பேலே. ஒருத்தரையும் அவன் கண்ணால் கண்டதில்லை. பேப்பரில் வந்த நாலு வரியை வைத்துக்கொண்டு, மீதி ஓட்டத்தையெல்லாம் அவனே மனசுக்குள் ஓடவிட்டு வைத்திருந்தான்.

இப்போது எழுபத்துநாலு. ஜெர்மனியில் உலகக் கோப்பை நடப்பதை ஒட்டி, பழைய ஆட்டங்களைக் காட்டும் பத்து நிமிஷ ரீல் ஒன்று எப்படியோ சங்கரன்கோவிலுக்கு வந்துசேர்ந்தது. யாரோ கொடுத்த டிக்கெட்டில் போன திங்கட்கிழமை உள்ளே போன ராமசுப்பு, பதினாறு வருசமாக வெறும் பேராக இருந்த மனிதர்கள் திரையில் மூச்சு வாங்க ஓடுவதைப் பார்த்தான். மறுநாள் தானே டிக்கெட் எடுத்தான். அதற்கு மறுநாளும் எடுத்தான்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், பேச்செல்லாம் விறகும் மண்ணெண்ணெயும் பிள்ளைகளின் சளியும் என்று ஆகிவிட்டபிறகு, ‘நான் பந்து பாக்கப் போறேன்’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு, சாட்சி இல்லாமல் இது தீராது என்று நினைத்தான் ராமசுப்பு. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் மூக்காண்டியிடம் வாவா விஷயத்தைச் சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். மூக்காண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையில் நின்றான்.

“யக்கா, எங்க நின்னு கேட்டாலும் சொல்லுவேன். அண்ணாச்சி தனியாத்தான் வந்தாக. பக்கத்து எடம் காலியாத்தான் கெடந்துச்சு.”

“காலியாவா கெடந்துச்சு?” என்றாள் முத்துத்தாய்.

“ஆமாக்கா. கூட ஒரு ஆளு தாராளமா உக்காரலாம். பந்துப் படம் முடிஞ்சதும் அண்ணாச்சி எந்திரிச்சுப் போயிருவாக. மெயின் படத்த ஒரு நாளுகூடப் பாத்ததில்ல.”

முத்துத்தாய் முந்தானையால் கண்ணை ஒற்றினாள். மூக்காண்டி ராமசுப்புவைப் பார்த்தான். “நான் சரியாத்தான சொன்னேன் அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

ராமசுப்பு யோசித்தான். பாதியில் எழுந்து எங்கே போனான் என்ற சந்தேகம்தான் அவளை அழவைக்கிறது. அதையும் தெளிவாக்கிவிட வேண்டும்.

“ஏட்டி, பாதியில எந்திரிச்சு வேற எங்கயும் போகல. ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு பொட்டல் கெடக்குல்லா, அங்கன போயி, கரிஞ்சா ஓடுத மாதிரி வேப்பமரத்த எல்லாம் சுத்திச் சுத்தி ஓடிப் பாத்தேன். அங்கயும் நான் தனியாத்தான் இருந்தேன்.”

“அங்கயும் தனியாத்தான்” என்றாள். இந்தத் தடவை விசும்பலே வந்துவிட்டது.

மூக்காண்டி டிக்கெட் மட்டும் கிழிக்கிறவன் இல்லை, ஊருக்குச் சேதி சொல்லுகிறவனும்கூட. மறுநாள் காலையில் முத்துத்தாயின் அண்ணன் சுயம்புலிங்கம் வந்து நின்றார், பெண்டாட்டி ஆவுடையம்மாளோடு. பத்து விசைத்தறி வைத்திருப்பவர். தறிச் சத்தத்துக்குள்ளேயே பேசிப் பழகிய தொண்டை.

“மாப்பிள, நமக்குள்ள ரகசியமாக் கேக்கேன். யாருவே அந்த வாவா?”

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டு ஜன்னலும் திறந்தது.

“மச்சான், அது பந்து ஆடுதவரு. அவரு மட்டும் இல்ல. தீதி இருக்காரு, கரிஞ்சா...”

அந்தப் பேர் காதில் விழுந்ததும் ஆவுடையம்மாள் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். “கரியலையே. நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“அப்பம் மூணு பேரா?” என்றார் சுயம்புலிங்கம்.

“பதினோரு பேரு மச்சான்.”

சுயம்புலிங்கம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே தங்கச்சியின் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்லுத?”

“நான் என்னண்ணே சொல்ல? அவுகளுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யட்டும். நம்ம நெனப்பு அவுகளுக்கு வந்தாத்தான?”

“கேட்டீரா வே?” என்றார் சுயம்புலிங்கம். தெருவே கேட்டது. “இன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் தியேட்டருக்குப் போறோம். அந்த வாவாவ என் கண்ணு முன்னால காட்டும்.”

ராமசுப்புவுக்கு உயிர் வந்தது. போனார்கள். ஆவுடையம்மாளோடு முன்வரிசையில் உட்கார்ந்த முத்துத்தாயின் தலை தெரிந்தது. விளக்கு அணைந்ததும் அந்தத் தலை முன்னால் நீண்டதை ராமசுப்பு கவனித்தான்.

திரையில் ஒரு வயல் வந்தது. ஒருவர் டிராக்டர் ஓட்டினார். இன்னொருவர் யூரியா தூவினார். நெற்பயிர் காற்றில் அசைந்தது.

“இதுல யாருவே வாவா?” என்று சுயம்புலிங்கம் மாப்பிள்ளையின் காதில் கேட்டார்.

“அந்தா, டிராக்டர் ஓட்டுதாருல்லா, அவருதான்” என்று பின்வரிசையிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள். தியேட்டரே சிரித்தது. முத்துத்தாயின் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது.

வாசலில் மூக்காண்டியைப் பிடித்து உலுக்கினான் ராமசுப்பு. “ஏலே, பந்துப் படம் எங்கல?”

“அது காலையிலயே வாசுதேவநல்லூர் பஸ்ல போயிட்டு அண்ணாச்சி. அங்க டூரிங் டாக்கீஸ்ல நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போடுதாங்க. அப்புறம் அது மதுரைக்குப் போயிரும்.”

சுயம்புலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். “நாளைக்கு வாசுதேவநல்லூர். அங்கனயும் வாவா இல்லன்னா, மாப்பிள, தங்கச்சியும் பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்துருவாக. அப்புறம் நீரு எத்தன வாவாவ வேணும்னாலும் கூப்பிட்டுக்கிடும்.”

அன்று ராமசுப்பு சாப்பிடவில்லை. முத்துத்தாய் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எது எங்கே இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவனே எங்கே இருப்பான் என்பதும் தெரியாது.

“நீ போயிருவியா?” என்று கேட்டான்.

“சாப்பிடுங்க மொதல்ல” என்றாள்.

மறுநாள் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாலு பேரும் பஸ் ஏறினார்கள். வாசுதேவநல்லூரில் இறங்கியபோது மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் மணல் தரை. பெண்கள் இடதுபக்கம், ஆண்கள் வலதுபக்கம். ராமசுப்பு மணலைக் குவித்து மச்சானை அதன்மேல் உட்காரவைத்தான். திரை வெளுத்தது. அவனுக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டான்.

பந்து வந்தது.

“அந்தா மச்சான், நடுவுல நிமிந்து நடக்காருல்லா, அவருதான் தீதி. வலது ஓரத்துல பாரும், காலு வளைஞ்சிருக்கு. அது கரிஞ்சா.”

சுயம்புலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கரிஞ்சா பந்துக்கு முன்னால் நின்றார். இந்தப் பக்கம் போவதுபோலச் சாய்ந்தார், போகவில்லை. எதிரே நின்றவன் மட்டும் அந்தப் பக்கம் போனான். மறுபடியும் அதே பக்கம் சாய்ந்தார். இந்தத் தடவை போயே போய்விட்டார். எதிராளி தரையில் உட்கார்ந்திருந்தான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

சுயம்புலிங்கத்தின் கைக்கட்டு அவிழ்ந்தது. “விடாத வே, போ, போ” என்றார். ஓரத்திலிருந்து பந்து உள்ளே வந்தது. யாரோ பாய்ந்து வந்து வலைக்குள் தள்ளினார்கள்.

“இவருதான் மச்சான். இவருதான் வாவா.”

மச்சான் மாப்பிள்ளையின் தொடையில் அடித்தார். வலித்தது. ராமசுப்புவுக்கு அந்த வலி இனித்தது.

கடைசியில் அந்தப் பதினேழு வயதுப் பையன், பெரிய ஆள் ஒருவரின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான்.

“இவன் எதுக்கு அழுதான்?”

“ஜெயிச்சதுக்கு மச்சான்.”

தறிக்கொட்டகையில் பிறந்த சுயம்புலிங்கத்தின் தொண்டையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. “இவுகள்லாம் இப்பம் எங்க வே?”

“வயசாயிட்டு. இந்த வருசம் டீம்ல இவுகள்ல ஒருத்தரும் இல்ல. தோத்துட்டாகன்னு பேப்பர்ல போட்டிருந்தான்.”

“பாவம்” என்றார். சொந்தக்காரர் வீட்டுச் செய்தி கேட்டதுபோலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெயின் படம் ஆரம்பித்தது. அதைப் பார்க்கும் மனசு இருவருக்கும் இல்லை. வெளியே வந்தார்கள்.

பெண்கள் வாசல் வழியாக முத்துத்தாயும் ஆவுடையம்மாளும் ஏற்கெனவே வெளியே வந்து நின்றிருந்தார்கள். முத்துத்தாயின் கன்னம் நனைந்திருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சுயம்புலிங்கம் தங்கச்சியின் தோளைத் தட்டி, “ஆம்பிளதாம்மா. நல்ல ஆட்டக்காரரு. மாப்பிள மேல ஒரு குத்தமும் இல்ல” என்று கொட்டகைக்கே தீர்ப்புச் சொன்னார்.

ராமசுப்பு அவள் முன்னால் போய் நின்றான். “இப்பமாவது நம்புதியா முத்து? வாவா ஆம்பிளதான? நான் தனியாத்தான போயிருக்கேன்?”

முத்துத்தாய் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இதுவரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஆவுடையம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

“உங்களுக்கென்ன கோட்டி பிடிச்சிருக்காண்ணே? கல்யாணமான புதுசுல நீங்க ராத்திரி முச்சூடும் கதையாச் சொன்ன ஆளுகள அத்தன பேரையும் இப்பம் எனக்கு அவதான் கைகாட்டிக் கைகாட்டிச் சொன்னா. ‘என்னைய விட்டுட்டு அவுக மட்டும் தனியாப் போயிப் பாத்துட்டு வந்துட்டாகளே மதினி’ன்னுதான் இத்தன நாளும் அழுதா.”