ஒன்பது மாலையும் ஒரு செம்மண் பாதையும்

நாற்பத்தெட்டாவது பிறந்தநாளன்று நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, மோட்டார் சைக்கிளில் எழுந்து நின்றபடி மண்ணிலும் மேட்டிலும் ஓட்டக் கற்றுக்கொள்வது. இரண்டு, அது ரங்கநாயகிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. முதலாவது எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் உப்பிலி. பெயரில் உப்பில்லை, வாழ்க்கையிலும் பெரிதாகக் காரமில்லை. செங்கல்பட்டில் வீடு. மறைமலைநகரில், வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு நாளைக்கு நானூறு ஷாக் அப்சார்பரை அமுக்கிப் பார்த்து, சரி என்று முத்திரை குத்துவேன். அதெல்லாம் காடு மலை என்று குதிக்கப் போய்விடும். நான் கம்பெனி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பஸ்ஸில் இடது பக்கம் நாலாவது ஜன்னல். இருபத்து மூன்று வருஷமாக அதே ஸீட். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு செம்மண் பாதை பிரியும். இரண்டு பனைமரம், ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. பஸ் அதைக் கடக்க மூன்று விநாடி ஆகும். திரும்பும்போது லாரிகள் மறைத்துவிடும். ஆக, ஒரு நாளைக்கு மூன்றே விநாடி.

அந்த மூன்று விநாடிக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். மழை பெய்த மறுநாள் அந்தப் பாதை குங்குமமாக இருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன? ஏரியா, தோப்பா, வேறு ஏதாவது ஊரா? மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். நடந்தே போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடத்துக்குச் செருப்பைத் தேய்த்துக்கொண்டா போவது? வண்டியில் எழுந்து நின்று, காற்று சட்டைக்குள் புகுந்து புடைக்க, அந்த மேட்டை ஏற வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காக ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

ரங்கநாயகி கணக்கு டீச்சர். சிங்கப்பெருமாள் கோயில் பள்ளிக்கூடத்தில் அவள் பேசும் தமிழ் வேறு. வீட்டுக்குள் வந்து பையைக் கீழே வைத்ததும், பிறந்த ஊரான செய்யூர் வாய்க்கு வந்துவிடும்.

"இன்னாங்க, ஞாயித்துக்கிழமை அதுவுமா இம்மாங்காலையில கிளம்பிட்டீங்க?"

"திருவிடந்தைக்கு."

"அது கல்யாணம் ஆவாதவங்க போற கோயிலாச்சே."

இதை நான் யோசித்து வைத்திருந்தேன். "ரோகிணி அக்கா பையன் ஹரிசங்கருக்காக. முப்பத்து நாலு வயசாகியும் ஒரு இடமும் தகையலை. ஒன்பது ஞாயிறு வர்றேன்னு பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

"மாலைய போட்டுகினு ஒம்போது சுத்து அந்தப் பையன் இல்ல சுத்தணும்?"

"அவனுக்கு லீவு இல்ல. தாய்மாமன் சுத்தினாலும் செல்லும்."

ரங்கநாயகி என்னையே பார்த்தாள். படி எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைகளை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

திருவிடந்தையில் பெருமாளைச் சேவித்து, மன்னிப்புக் கேட்டு, ஒரு மாலையும் வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், கடலோரச் சவுக்குத் தோப்பில்தான் வகுப்பு. நடத்துபவர் தமீம். கோவளத்துக்காரர், முப்பது வயசு, முழங்காலில் மூன்று தழும்பு. சேரும்போது ஒரு ஃபாரம் கொடுத்தார். வயசு, ரத்தப் பிரிவு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஏகப்பட்ட கேள்வி. எல்லாவற்றையும் நேர்மையாக நிரப்பினேன். அன்றைக்குப் பொய் சொல்லாத ஒரே இடம் அதுதான்.

"மொதல்ல வண்டிய கீழ போடு அண்ணாத்த," என்றார் தமீம்.

"போடறதா? நான் ஓட்டக் கத்துக்க வந்திருக்கேன்."

"ஓட்டறது அப்பால. எப்டியும் போடத்தான் போற. தூக்கக் கத்துக்கோ."

நூற்றிருபது கிலோவைத் தூக்கினேன். ஒரு மணி நேரத்தில் என் முதுகெலும்பில் எத்தனை கணு என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. அப்புறம் ஓட்டச் சொன்னார்.

"எந்திரிச்சு நில்லு. முட்டியால டேங்க்கை இறுக்கிப் புடி. மணல்ல முன் பிரேக்கத் தொடாத. கண்ணு எங்க கீதோ வண்டி அங்கதான் போவும்."

என் கண் ஒரு சவுக்கு மரத்தில் இருந்தது. வண்டி அங்கேதான் போனது.

வீட்டுக்கு வந்ததும் மாலையை நீட்டினேன். அவள் மாலையைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள்.

"இன்னாங்க இவ்ளோ மண்ணு?"

"அங்கப்பிரதட்சணம் பண்ணேன்."

"அப்போ முதுகுல ஏன் மண்ணே இல்ல? உருண்டா ரெண்டு பக்கமும்தான இருக்கணும்?"

"அரைச் சுத்துதான் உருண்டேன்."

"ஓகோ," என்றாள். மாலையைப் பூஜை அறை ஆணியில் மாட்டினாள்.

அடுத்த ஞாயிறு மல்லாக்க விழுந்தேன். வலி உயிர் போயிற்று. ஆனாலும் முதுகில் மண் ஒட்டியிருக்கிறதா என்று தமீமிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்படியே இன்னொரு முறையும் புரண்டேன். இத்தனை ஒழுங்காகத் தடயம் தயாரித்த கணவன் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

ஞாயிறுதோறும் ஒரு மாலை. ஆணியில் நாலு, ஐந்து, ஆறு என்று ஏறியது. கடன் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சாராள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, சாருக்குப் பொண்ணு பாக்கறீங்களா?"

"ஆமா சாராள். இவரு வாராவாரம் உருண்டு உருண்டு கேக்கறாரு. ஒண்ணும் அமையல."

"எங்க சர்ச்சுல வேணா சொல்லி வைக்கட்டா?"

"சொல்லி வை. சமைக்கத் தெரிஞ்சவளாப் பாரு."

நான் பேப்பருக்குள் போய்விட்டேன்.

ஏழாவது வாரம் ஒரு விபரீதம் நடந்தது. ஹரிசங்கருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது! ரோகிணி அக்கா போனில் அழுதாள். "தம்பி, எல்லாம் உன் வேண்டுதல்தாண்டா. ரங்கா சொன்னா." உலகத்தில் எல்லோருக்கும் வேண்டுதல் பலிக்காமல் கஷ்டம். எனக்குப் பலித்துக் கஷ்டம்.

"அப்புறம் இன்னா, இனிமே போவ வேணாமே," என்றாள் ரங்கநாயகி.

"ஒன்பதுன்னு வேண்டிக்கிட்டா ஒன்பது முடிக்கணும்."

"அப்போ ஒம்போதாவது வாரம் நானும் வர்றேன். அத்தினி மாலையும் கோயில்ல சேக்கணுமே. நீங்க ஒருத்தரே எப்டி எடுத்துகினு போவீங்க?"

அந்த ஒன்பதாவது ஞாயிற்றுக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன். ஐந்தாவது வாரமே தமீம் சொல்லியிருந்தார்: மணலில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டால், கடைசி வகுப்புக்கு வண்டியை வேனில் ஏற்றி, நாம் சொல்லும் பாதைக்கே கூட்டிப்போவாராம். நான் அன்றைக்கே செம்மண் பாதையைக் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டேன். இரண்டு பனைமரத்தையும் வரைந்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கேள்விக்குறி போட்டேன். தமீம் சிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் பஸ்ஸில் அந்த மூன்று விநாடி வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு. ரங்கநாயகி எனக்கு முன்னால் தயாராக இருந்தாள். சுடிதார். காலில் பள்ளிக்கூட விளையாட்டு தினத்துக்குப் போடும் ஷூ.

"கோயிலுக்கா இந்த ஷூ?"

"நெறைய நடக்கணும்."

ஸ்கூட்டரில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். மடியில் வாடின மாலை மூட்டை. கோயிலில் மாலைகளைச் சேர்த்தோம். அவள் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள். நான் பெருமாளைப் பார்த்து, இன்றைக்கு எப்படியாவது என்று ஆரம்பித்து, எப்படி என்று எனக்கே தெரியாததால் நிறுத்திக்கொண்டேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

"வூட்டுக்கு இல்ல. மாமல்லபுரம் பக்கம் போங்க."

போனேன்.

"இங்க லெஃப்ட்ல திருப்புங்க."

திருப்பினேன். சவுக்குத் தோப்பு.

தமீம் ஓடிவந்தார். என்னிடம் இல்லை. "வாங்க டீச்சர்! அண்ணாத்தயையும் இட்டாந்துட்டீங்களா?"

ரங்கநாயகி போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். எட்டுப் படங்கள். நான் சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் படம். நான் மல்லாக்கக் கிடக்கும் படம். நான் வேண்டுமென்றே இன்னொரு முறை புரளும் படம். ஒவ்வொன்றுக்கும் கீழே தமீம் எழுதியிருந்தார்: 'இன்று வகுப்பு முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை.'

"அவசரத்துக்கு யாரு நம்பர் குடுத்தீங்க ஃபாரத்துல?" என்றாள்.

எனக்கு வேறு யார் நம்பர் மனப்பாடமாகத் தெரியும்?

"மொத வாரத்துலருந்தே தெரியுமா?"

"நீங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே படம் வந்துடும். அங்கப்பிரதட்சணத்தக் கேக்க நான் வாரம் பூரா காத்துகினு இருப்பேன்."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லலை?"

அவள் கொஞ்சம் தள்ளி, மணலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒம்போதாங்கிளாஸ் படிக்கறப்போ எங்கப்பா மொபெட்டுல வேர்க்கடலை மூட்டைய வச்சுகினு, செய்யூர் சவுக்குத் தோப்பு மணல்ல ஓட்டிகினு போவேன். கடல் காத்து மூஞ்சில அடிக்கும். கல்யாணமான புதுசுல ஒரு தடவ உங்க கிட்ட சாவி கேட்டேன். நெனப்பு கீதா?"

நினைவிருந்தது. 'உனக்கு எதுக்கு, பின்னால உக்காரு' என்றிருந்தேன். அவள் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருஷமாக ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறாள். எனக்காவது ஜன்னலில் மூன்று விநாடி கிடைத்தது. அவளுக்கு என் முதுகுதான் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அதான், கோடை லீவு வுட்டதும் புதன்கிழமை புதன்கிழமை நானும் வந்து சேந்துட்டேன்," என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

"வா அண்ணாத்த, எட்டுப் போடு," என்றார் தமீம்.

லைசென்ஸுக்கு நான் தார் ரோட்டில் எட்டுப் போட்டவன். மணலில் என் எட்டு ஆறாகி, ஆறு பூஜ்யமாகி, பூஜ்யத்துக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். அடுத்தது ரங்கநாயகி. எழுந்து நின்றாள். கண் தூரத்தில் எங்கேயோ இருந்தது. செய்யூரில் இருந்திருக்கும். கரும்பலகையில் போடுவதைப் போல எட்டுப் போட்டுவிட்டு வந்து நிறுத்தினாள். கால் மண்ணில் படவில்லை.

"பாஸானவங்கதான் ஓட்டலாம்," என்றார் தமீம் என்னைப் பார்க்காமல். "ஃபெயிலு பின்னால."

வேனில் வண்டி ஏறியது. திருப்போரூர், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில். அந்த இரண்டு பனைமரம் வந்ததும் தமீம் வண்டியை இறக்கினார். ரங்கநாயகி ஏறினாள். நான் பின்னால் ஏறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்திரிச்சு நிக்கறதுன்னா நில்லுங்க. உங்க பாரத்த நான் பாத்துக்கறேன்," என்றாள்.

நின்றேன். வண்டி செம்மண்ணில் கிளம்பியது. காற்று சட்டைக்குள் புகுந்து புடைத்தது. வலது பக்கம் ரோட்டில் ஒரு பஸ் போனது. அதன் நாலாவது ஜன்னலில் யாராவது என்னைப் பார்த்திருப்பார்களா? பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேடு வந்தது. ஏறியது. நான் அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் மானம் தப்பியது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் கருவேலம் புதர். அதைத் தாண்டி ஒரு குட்டை. குட்டையைச் சுற்றி வளைந்து வளைந்து போனோம். அதன் முடிவில் ஒரு நீளமான மதில். மதிலில் ஒரு நீலக் கேட். கேட்டுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி முத்துசாமி, நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும், எழுந்து சல்யூட் அடித்தார்.

"இன்னா உப்பிலி சார், லீவு நாள்ல பின் கேட்டாண்ட?"

என் கம்பெனி! இருபத்து மூன்று வருஷமாக நான் முன் கேட்டில் இறங்கி முன் கேட்டில் ஏறியிருக்கிறேன். பின் கேட் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"போன புதன்கிழமையே தமீம் கிட்ட நீங்க வரைஞ்ச பாதைப் படத்த வாங்கினு வந்து பாத்துட்டேன்," என்றாள் ரங்கநாயகி மெதுவாக. "சொன்னா மனசு ஒடஞ்சிடுவீங்கன்னு சொல்லல. ஒரு தடவையாவது ஆசையா வந்து சேரட்டும்னுதான்."

நான் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள். "இந்த வழியில வந்தா உங்கள எறக்கி வுட்டுட்டு நான் ஸ்கூலுக்கு அரை மணி முன்னாடியே போயிடலாம்."

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ரங்கநாயகி ஒரு பழைய வண்டி வாங்கினாள். என் பஸ் பாஸை அவளே கம்பெனியில் திருப்பிக் கொடுத்தாள். இப்போது அந்தச் செம்மண் பாதையில் நான் தினமும் போகிறேன், வேலைக்கு, பின் ஸீட்டில், இரண்டு பேர் டிபன் பாக்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு.