காக்கா போட்ட பனியன்

கின்ஷாசா,
ஞாயிற்றுக்கிழமை.

வணக்கத்துக்குரிய துமைனி அக்காவுக்குத் தம்பி மசும்புகோ எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். கிகோமாவில் நீங்களெல்லாம் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

மஷாக்கா அண்ணனை நேற்று நல்லபடியாக அடக்கம் செய்தோம். ‘நல்லபடியாக’ என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். எல்லாம் துக்கத்துக்குப் போட நீ அச்சடிக்கச் சொன்ன பனியனால் வந்த வினை. “அண்ணன் படத்துக்கு மேல பேரு, கீழ பெருசா காக்கான்னு போடு. நம்ம அண்ணனை நாம கூப்பிட்ட மாதிரியே இருக்கட்டும்”னு ஒத்தக்கால்ல நின்னே. நம்மூர் அச்சுக்கடைத் தமிழர்கூட, “எங்க ஊர்ல காக்கா பறவைங்க. செத்தவங்களுக்கு வைக்கிற சோத்தைத் திங்க வரும்”னார். பொருத்தமாத்தானே இருக்குன்னு கட்டிக்கிட்டு வந்தேன். இங்க முற்றத்துல பெட்டி பக்கத்துலயே எல்லாருக்கும் குடுத்தேன், பொலும்பு அண்ணியும் போட்டுக்கிட்டாங்க, அப்பத்தான் அவங்க தாய்மாமா, பிரெஞ்சு வாத்தியாரா இருந்தவராம், கண்ணாடியை மாட்டிப் படிச்சுட்டுக் கத்தினாரு: “செத்தவன் மூஞ்சிக்குக் கீழ பீன்னு எழுதுனவன் எவன்யா?” பிரெஞ்சுல காக்கான்னா அதாம்! “ஐயா, எங்க சுவாஹிலியில அண்ணன்னு அர்த்தம்”னேன். “உங்க ஊர்ல அண்ணனைப் பீன்னா கூப்பிடுவீங்க?” எக்காளம் ஊதுறவன் சிரிச்சுட்டான். ஆளாளுக்குக் கழட்டி வீசினாங்க. கல்லறை வரைக்கும் நான் நெஞ்சை மறைச்சுக்கிட்டே நடந்தேன். அண்ணி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை.

அப்பா எனக்கும் அண்ணனுக்கும் தொல்லைன்னு அர்த்தம் வர்ற பேரா வச்சாரு, உனக்கு மட்டும் நம்பிக்கைன்னு. தொல்லையெல்லாம் உன்கிட்டயிருந்துதான் வருது. உயிரோட இருக்கும்போது அண்ணன் நம்மை மறந்தான், செத்த பிறகு நாம அவனை நாறடிச்சோம். இனி அண்ணிக்கும் நமக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நாளைக்கே கிளம்புகிறேன்.

அத்தானுக்கு மரியாதை, பிள்ளைகளுக்கு முத்தம், உனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

மசும்புகோ

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணி வந்தாங்க. அதே பனியன். “மாமாவுக்குப் பிரெஞ்சு தலைக்கேறிடுச்சு தம்பி. எங்க லிங்காலா பாஷையில காக்கான்னா ‘மட்டும்’. மஷாக்கா காக்கா, மஷாக்கா மட்டும். எனக்கு அவரு மட்டும்தானே இருந்தாரு? என் மனசு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?”ன்னு கேட்டு அழுதாங்க. ஆமா அண்ணின்னு சொல்லிட்டேன். நாளைக்கு வரலை. அப்புறம் வரும்போது அவங்களும் வருவாங்க, அறையை ஒழிச்சு வை. கேட்டா நீயும் அதையே சொல்லு.