இடது பக்கத்து டொக் டொக்

சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு அந்த மாடி வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோரம், கை வைத்த பெரிய நாற்காலியில், ஒலி ரசிகர் வட்டத்தின் தலைவரான மருந்துக்கடைக்காரர். சோபாவின் சரியான நடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில், பல் டாக்டர். அதே சோபாவின் கைப்பிடியில், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும், வட்டத்தின் செயலாளரும் அந்த வீட்டில் குடியிருப்பவருமான குமாஸ்தா. சமையலறை வாசலில் முக்காலி போட்டு, மடியில் பூண்டுத் தட்டோடு, அவர் மனைவி.

இதில் உறுப்பினர்கள் மூவரின் இடத்தையும் குமாஸ்தா முதலிலேயே நோட்டில் எழுதிவிட்டார். யார் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்று எழுதாமல் ஊசியை இறக்கக்கூடாது என்பது வட்டத்தின் விதி. இடம் மாறினால் காதும் மாறும் என்பது தலைவரின் கொள்கை.

"என்னை எழுதலையா?" என்றாள் மனைவி.

"நீ உறுப்பினர் இல்லையே."

"பூண்டு உரிச்சுக்கிட்டே கேட்டா காதுல விழாதா?"

குமாஸ்தா 'சமையலறை வாசல்: ஒருவர்' என்று சேர்த்துக்கொண்டார்.

மேஜையின் மேல் இருந்த ஆம்ப்ளிஃபயரில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. இழைத்து இழைத்து வழவழப்பாக்கிய மரப்பெட்டி, ஒரே ஒரு குமிழ், பின்னால் சின்ன விளக்கு போல மின்னும் நான்கு வால்வுகள். அதைச் செய்தவர் குமாஸ்தாவின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பகலில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை. மிச்ச நேரத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்தது இது.

பக்கத்து ஊரில் பெரிய ரேடியோக் கடை வைத்திருப்பவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். 'உங்க வட்டத்துல கேட்டுட்டு நல்லா இருக்குன்னு ஒரு கடிதம் எழுதட்டும். மாசம் அஞ்சு செஞ்சு குடுங்க, கண்ணாடி ஜன்னல்ல வச்சு விக்கிறேன்.' கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், அல்லது சேர்ந்தும் நல்லபடியாக இல்லாவிட்டால், மச்சான் புதன்கிழமை சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக ஏறிவிடுவார். மூன்று வருஷ ஒப்பந்தம். மனைவிக்குக் கூடப் பிறந்தவர் அந்த ஒருவர்தான்.

குமாஸ்தா இசைத்தட்டைத் துடைத்து வைத்தார். ஊசி இறங்கியது.

வயலின் தொடங்குவதற்கு முன் வாசிப்பவர் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. அப்புறம் வில் கம்பியைத் தொட்டது. தொட்ட இடம்கூடத் தெரிந்தது. பல் டாக்டர் கண்களை மூடினார். தலைவர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்து, பாதியில் மறந்தார். பூண்டு உரிக்கும் கை நின்றது.

டொக். டொக்.

"கேட்டீங்களா?" என்றார் பல் டாக்டர், கண்ணைத் திறக்காமலே.

"எதை சார்?" என்றார் குமாஸ்தா. அவர் எட்டு நாளாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்கு ஒரு நாள் வராமல் இருந்தால் போதும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டும் இருந்தார்.

"இடது பக்கம். அடியில. ரெண்டு தட்டு."

"தட்டுல கீறல் இருக்கும் சார்."

"கீறல்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஒழுங்கா வரணும். இது இஷ்டத்துக்கு வருது."

"யாராவது கதவைத் தட்டுறாங்களோ என்னவோ," என்றாள் மனைவி.

குமாஸ்தா போய்க் கதவைத் திறந்தார். மாடிப்படி காலியாக இருந்தது. மூடிவிட்டுத் திரும்பினார்.

"எவ்வளவு சத்தத்துல வச்சிருக்கீங்க?" என்றார் தலைவர்.

"மூணுல சார். பழசை எப்பவும் ஏழுல வச்சுத்தான் கேப்பேன். இது புதுசாச்சே, எட்டு நாளா மூணைத் தாண்ட விடல."

"அதுவே அதிகம். பச்சைக் குழந்தையை ஓடச் சொல்லக்கூடாது. ரெண்டுக்குக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். வயலின் அடக்கமாக ஒலித்தது. டொக். டொக். டொக்.

"ஒண்ணு கூடிடுச்சு," என்றார் தலைவர். அதை அவர் மருந்துச் சீட்டில் எழுதுவது போலச் சொன்னார்.

பல் டாக்டர் சோபாவை விட்டு இறங்கி முழங்காலில் நின்றார். "வலி எந்தப் பல்லுல இருக்குன்னு நோயாளிக்கே தெரியாது. சொத்தை ஒரு பல்லுல இருக்கும், கையை வேற பல்லுல வைப்பான். ஒயரை மாத்துங்க. இடதை வலதுல, வலதை இடதுல."

மாற்றினார்கள். சத்தம் இடது பக்கத்திலேயே வந்தது.

"பெட்டியையே மாத்துங்க."

ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஓர் ஆள் கனம். தலைவர் ஒரு பக்கம் பிடித்து, "என் இடுப்பு, என் இடுப்பு," என்றபடியே வந்தார். மாற்றி வைத்துக் கேட்டார்கள். அப்போதும் இடது பக்கத்திலேயே வந்தது.

பல் டாக்டர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஒயர் இல்ல. ஸ்பீக்கர் இல்ல. மிச்சம் இருக்கிறது ஆம்ப்ளிஃபயர்தான்."

"எல்லாத்தையும் இடம் மாத்தியும் அது அங்கேயே இருக்குன்னா, ஆம்ப்ளிஃபயர் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றாள் மனைவி.

"இது கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம்மா," என்றார் பல் டாக்டர் அன்போடு.

"அதிர்வாக்கூட இருக்கலாம்," என்றார் தலைவர். "தரை வழியா அதிர்வு போயிட்டுத் திரும்பி வருது. பெட்டிக்கும் தரைக்கும் நடுவுல கனமா ஏதாவது வேணும். கல்லு இருக்கா?"

சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கருங்கல் பலகை ஒன்று தொட்டிக்கு அடியில் கிடந்தது. மூன்று பேரும் சேர்ந்து தூக்கி வந்து இடது ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்தார்கள். நான்கு தட்டு வந்தது. கல்லுக்கு அடியில் மெத்தை போட்டார்கள். ஐந்து வந்தது. பிறகு பெட்டியைச் சுற்றி இரண்டு போர்வையும் ஒரு ஜமுக்காளமும் சுற்றினார்கள். உள்ளே வயலின் முனகியது.

"காய்ச்சல்காரனைப் படுக்க வச்ச மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

இப்போது தட்டுகளை எண்ண முடியவில்லை. டொக் டொக் டொக் டொக் என்று விடாமல் வந்தது. அதில் ஒரு கோபமும் இருந்தது போலக் குமாஸ்தாவுக்குப் பட்டது.

"ஆஃப் பண்ணுங்க!" என்றார் தலைவர்.

குமாஸ்தா அணைத்தார். ஹால் அமைதியானது. நான்கு பேரும் அசையாமல் இருந்தார்கள். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவது நிமிஷம் பாதி போயிற்று.

டொக்.

தலைவர் ஓரடி பின்வாங்கினார். "கரண்ட்டே இல்ல! எப்படிய்யா வருது?"

"கெப்பாசிட்டர்ல மிச்சக் கரண்ட் தேங்கி இருக்கும்," என்றார் பல் டாக்டர். "பிளக்கைப் பிடுங்குங்க."

பிடுங்கினார்கள்.

டொக். டொக்.

பல் டாக்டர் பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வருத்தமாகத் தலையாட்டினார். "கெப்பாசிட்டரை ரொம்பப் பெருசாப் போட்டுட்டார்."

மணி நான்கு. தெருமுனைத் தபால்பெட்டியை ஐந்து மணிக்குத் திறந்து எடுத்துவிடுவார்கள். வட்டத்தின் தீர்ப்பை வாயால் சொல்வதில்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, கேட்ட அன்றே தபாலில் சேர்த்துவிட வேண்டும். குமாஸ்தா லெட்டர்பேடை எடுத்தார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். தலைவர் சொல்லச் சொல்ல எழுதினார்.

'அன்புடையீர், தாங்கள் கோரியபடி மேற்படி கருவியைப் பரிசோதித்தோம். இனிமை இருக்கிறது எனினும், இடது பக்கத்தில் காரணம் அறிய முடியாத ஒரு தட்டும் ஓசை...'

"தண்ணி குடிச்சுட்டு எழுதுங்க," என்று மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

அவர் போனார். அவள் தண்ணீர் எதுவும் எடுத்து வைக்கவில்லை.

"இப்படி எழுதினா அண்ணன் புதன்கிழமை கப்பல்ல."

"பொய் எழுதச் சொல்றியா? நான் செயலாளர்டி. பதினோரு வருஷமா ஒரு வரி தப்பா எழுதினதில்ல."

"பொய் எழுதுங்கன்னு யாரு சொன்னா? முழுசாக் கேட்டுட்டு எழுதுங்கன்னுதான் சொல்றேன். வந்ததுல இருந்து அதை மூணுல வச்சீங்க, ரெண்டுல வச்சீங்க, போர்வையைப் போத்துனீங்க. பாட்டு எப்ப கேட்டீங்க?"

"அது புதுசு..."

"ரெண்டு வருஷம் எங்கண்ணன் அதைத் தூங்க வைக்கவா செஞ்சாரு?"

குமாஸ்தா வாயைத் திறப்பதற்குள் அவள் ஹாலுக்குப் போய்விட்டாள். முதலில் ஜமுக்காளம் பறந்தது, அப்புறம் போர்வைகள். அவள் ஸ்பீக்கரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், அந்தக் கல்லை இழுங்க," என்றாள். பல் டாக்டர், ஏன் எதற்கு என்று கேட்காமல் இழுத்தார். மெத்தையைக் காலாலேயே தள்ளினாள். பிளக்கைச் சொருகி, வால்வுகள் சிவக்கும்வரை இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். பிறகு ஊசியைத் தொடக்கத்தில் வைத்து, குமிழை ஏழுக்குத் திருப்பினாள்.

"ஐயோ, புது மெஷின்!" என்றார் தலைவர்.

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

வயலின் பெட்டிக்குள் இல்லை. ஹாலின் நடுவில், சோபாவுக்கும் மேஜைக்கும் இடையில் இருந்த வெற்றுத் தரையில் நின்று ஒருவர் வாசித்தார். அவர் தோளை அசைப்பது தெரிந்தது. பின்னால் இரண்டடி தள்ளி மேளம்; அதை அடிக்கிறவருக்கு விரலில் மோதிரம் இருக்க வேண்டும், தோலில் படும்போதெல்லாம் மெல்லிய உலோகச் சத்தம் வந்தது. இந்த இசைத்தட்டைக் குமாஸ்தா நூறு தடவை கேட்டிருப்பார். அந்த மோதிரத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார். தலைவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, நோட்டில் எழுதாத ஓர் இடத்தில், தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பதினெட்டு நிமிஷம் ஓடி, தட்டின் ஒரு பக்கம் முடிந்தது. குமாஸ்தா ஊசியைத் தூக்கினார்.

"வரல," என்றார் பல் டாக்டர் கடைசியில்.

"என்ன வரல?" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"டொக் டொக்."

உண்மைதான். ஒரு தட்டுக்கூட வரவில்லை. பல் டாக்டர் பரபரப்பாக எழுந்து, தட்டைத் திரும்ப ஓடவிட்டு, குமிழை மூன்றுக்குக் குறைத்தார். டொக் டொக். ஏழுக்குக் கூட்டினார். நின்றுவிட்டது. மூன்று. டொக் டொக். ஏழு. அமைதி. ஐந்து தடவை செய்து பார்த்தார்கள். ஐந்து தடவையும் அப்படியே நடந்தது.

"இப்பப் புரியுது," என்றார் பல் டாக்டர். முகத்தில் பெரிய வெளிச்சம். "இது குறை இல்ல சார். குணம். கம்மியா வச்சா இதுக்குப் பொறுக்கல. உள்ளுக்குள்ள சக்தி தேங்கிப் போய் முட்டுது. வழி விட்டா அடங்கிடுது."

"மான ரோஷம் உள்ள மெஷின்," என்றார் தலைவர்.

"எங்கண்ணன் மாதிரியே," என்றாள் மனைவி.

பழைய தாளைக் குமாஸ்தா நான்காகக் கிழித்தார். புதிதாக எழுதும்போது தலைவர் சொல்லாத வார்த்தைகளும் தாமாக வந்து விழுந்தன.

'அன்புடையீர், தாங்கள் கோரியபடி மேற்படி கருவியை இன்று மாலை மூன்று மணி முதல் நான்கரை வரை, உட்கார்ந்தும் நின்றும், பல நிலைகளில் பரிசோதித்தோம். எங்கள் வட்டத்தின் பதினோரு ஆண்டு அனுபவத்தில் இதற்கு நிகரான ஒன்றை நாங்கள் கேட்டதில்லை. வாடிக்கையாளர்களுக்குத் தாங்கள் தெரிவிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்தக் கருவி தன் மதிப்பை அறிந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் இடது பக்கம் தட்டித் தன் ஆட்சேபணையைத் தெரிவிக்கும். அப்போது பயப்படாமல் குமிழை ஏழுக்குத் திருப்பவும். உடனே சமாதானம் ஆகிவிடும். இது அனுபவத்தில் ஐந்து முறை நிரூபிக்கப்பட்டது. தாங்கள் இதைத் தயங்காமல் ஜன்னலில் வைக்கலாம். இப்படிக்கு...'

"'உலகத்திலேயே முதல் முறையாக'ன்னு ஒரு வரி சேர்க்கலாமா?" என்றார் பல் டாக்டர்.

"வேண்டாம் சார். நாம உலகம் பூரா கேக்கல," என்றார் குமாஸ்தா.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் வட்டத்தின் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். நான்காவதாக ஒரு கோடு இழுத்து, 'சமையலறை வாசல்: ஒருவர்' என்று எழுதி, குமாஸ்தா பேனாவை மனைவியிடம் நீட்டினார். அவள் பூண்டுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டுகிறவள் போல மெதுவாகப் போட்டாள். உறையை ஒட்டி, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, தபால்தலை நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, குமாஸ்தா படியிறங்கினார். மேலே தட்டின் மறுபக்கம் ஓட ஆரம்பித்திருந்தது, ஏழில். அவர் தெருமுனைக்குப் போய்ப் பெட்டியின் வாயில் கையை மணிக்கட்டுவரை விட்டு, கடிதம் அடியில் விழும் சத்தத்தையும் கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

வாசலை நெருங்கியபோது, கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து, தொடைவரைக்கும் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த பஸ் டிரைவர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப ரொம்ப நன்றி சார், காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்ததுல இருந்து உங்க பாட்டுதான் எனக்குத் துணை, எட்டு நாளா அது காதுலயே விழல, 'கொஞ்சம் சத்தமா வைங்க'ன்னு கைத்தடியால சீலிங்கைத் தட்டித் தட்டி என் தோள்பட்டையும் போச்சு!"