அநேகமாக சார்

எங்கள் வில்லியனூர்ப் பக்கத்தில் 'அநேகமாக சார்' அளவுக்கு எதையும் நம்பாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் லேப் டெக்னீஷியன். நான் அங்கே நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுபவன். உண்ணிக் காய்ச்சல்காரர்களை நோட்டில் மூன்றாகப் பிரிப்பார். காய்ச்சல் மட்டும் இருந்தால் 'சந்தேகம்'. உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு கிடைத்தால் 'அநேகமாக'. ரத்த ரிசல்ட் வந்தால்தான் 'உறுதி'.

பழக்கம் நோட்டோடு நிற்கவில்லை. "சாப்டீங்களா சார்?" என்றால் வயிற்றைத் தடவிப் பார்த்து, "அநேகமா" என்பார். தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போதே, "இப்போதைக்கு சந்தேகம்பா, தாலி கட்டட்டும்" என்றவர்.

பொருக்கு தேடுவதில் மட்டும் மனிதர் புலி. அக்குள், காது மடல் என்று டார்ச் அடிப்பார். கரும்பு வெட்டும் ஆள் ஒருவர் எகிறினார்: "காச்சல்னு வந்தா சோதனை போடுறியே, நான் இன்னா திருடனா?"

"திருடன் உம்மேல ஏறிக்கினு வந்திருக்கான்பா. கையத் தூக்கு."

"நீங்க உறுதின்னு எழுதறதுக்குள்ள ஆளு போய்ச் சேந்துடுவான் சார்" என்று ஒருநாள் சீண்டினேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மாத்திரைக்கு சந்தேகமே போதும்பா. நோட்டுக்குத்தான் உறுதி வேணும்."

பிறகு என் முறை வந்தது. செல்லிப்பட்டில் மாமனாரின் கரும்புத் தோட்டத்து வரப்பில் படுத்துத் தூங்கினேன். பத்து நாளில் காய்ச்சல். ஊருக்கெல்லாம் சீட்டு எழுதி அவரிடம் அனுப்பிய நான், சாதாரண வைரல் என்று வீட்டிலேயே கிடந்தேன். இடுப்பில் இருந்த புண்ணை, அரைஞாண் கயிறு உரசியது என்று நினைத்து மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டேன். காய்ச்சல் கண்ட எட்டாம் நாள் மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. மனைவி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

சார் கயிற்றை விலக்கி மஞ்சளைத் துடைத்தார். கீழே கறுத்த பொருக்கு.

"இதுக்காபா மஞ்ச பூசி மூடி வச்சிருந்த?"

டாக்டரம்மா உடனே மருந்து ஏற்றினார். ரத்தம் டவுனுக்குப் போனது. ரிசல்ட் மறுநாள்தான் வரும்.

"சார், இவரு பொழச்சிக்குவாரா?" என்று மனைவி அவரிடம் கேட்டு அழுதாள். அரைமயக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் வழக்கம்போல வாயைத் திறந்தால் அவள் அங்கேயே விழுந்துவிடுவாளே!

"உறுதிமா" என்றார்.

தேறி வேலைக்கு வந்ததும் கேட்டேன்: "ரிசல்ட் வராமயே எப்படி சார் உறுதின்னீங்க?"

"அத நோட்டுல எழுதலபா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த மனிதர் என்றால் எனக்கு உயிர்.