ரோமாபுரித் தம்பியும் ஒட்டு அண்ணையும்

அன்றைக்கு பெர்லின் மியூசியத்தின் அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, ஒட்டு அண்ணை, கதிரையில் ஒரு காவலாளி. கண்ணாடிக்குள், வட்டப் பலகை ஓவியத்தில், இன்னும் நான்கு பேர்: ரோமப் பேரரசர் செவெரஸ், அவர் மனைவி, இரண்டு மகன்கள். ஒரு மகனுக்கு முகம் இல்லை.

பெர்லினில் வாழ்ந்த தமிழரைவிட, ஒட்டு அண்ணை படத்தில் ஒட்டிய தமிழர் அதிகம். ஐந்து நாடுகளில் சிதறிய குடும்பமும் அவருடைய ஸ்டூடியோவில் ஒரே வரிசையில் நிற்கும். ஒரு லண்டன் மாமாவின் தலையைப் பட்டு வேட்டி கட்டிய உடம்பொன்றில் வைத்தார். படத்தைப் பார்த்த மாமா, அந்த வேட்டியைத் தேடி இரண்டு நாள் அலுமாரியைக் கிண்டினாராம். ஒட்டினாலும் வெட்டினாலும் தலைக்கு நாற்பது யூரோ.

மனைவியையும் கூட்டிக்கொண்டு நான் வெட்டத்தான் போனேன். மகள் பெரியவளானதற்கு வைத்த சாமத்திய வீட்டுக்குத் தம்பி வரவில்லை. அழைப்பிதழை நேரில் கொடுக்காமல் தபாலில் போட்டேனாம். அவன் இருக்கும் பீலெஃபெல்ட் என்ன பக்கத்துத் தெருவா? எங்கள் வீட்டுச் சுவரில் அவன் சிரித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"இதில தம்பியை எடுத்துவிடுங்கோ அண்ணை."

படத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். "ஜக்கெட்டைப் போடுங்கோ. என்ர தொழில்காரன் ஒருத்தன்ர வேலை மியூசியத்தில கிடக்கு."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ரோமரோடு எனக்கென்ன பழக்கம்? குடியுரிமைக்கு அன்ட்ராக் விண்ணப்பம் போட்டிருந்த நேரம் வேறு. அண்ணை கண்ணாடியில் மூக்கு முட்ட நிற்க, காவலாளி எழும்ப, என் பாஸ்போர்ட் பறந்து போவதைக் கண்ணால் கண்டேன்.

"தள்ளி நில்லுங்கோ அண்ணை, பொலிஸ் வரும்."

"வரட்டும், அவையும் பாக்கட்டும். அப்பன் செத்தாப் பிறகு மூத்தவன் இளையவனைக் கொலை செய்துபோட்டான். படங்களிலயும் முகத்தைச் சுரண்டச் சொல்லிப்போட்டான்."

"ஏன் அண்ணை, அங்கயும் கார்ட் தபாலிலயோ போனது?" என்றாள் என் மனைவி.

அண்ணை அதைக் காதில் வாங்கவில்லை. காவலாளியிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு முகமில்லாதவனைக் காட்டினார்.

"கண்டியளோ? வாற சனம் முதல்ல ஆரைப் பாக்குது எண்டு கேட்டன். ராசாவை இல்லை, ராணியை இல்லை. ஆயிரத்து எண்ணூறு வருஷமா எல்லாரும் இவனைத்தான் பாக்கினம். நான் இதைவிடத் துப்புரவா வெட்டுவன். எண்டாலும் உங்கட வீட்டுக்கு வாறவை முதல்ல என்ன கேப்பினம்?"

"தம்பி எங்கை எண்டு," என்றாள் மனைவி.

அந்தச் சனிக்கிழமை, முடிந்துபோன விழாவின் அழைப்பிதழோடு பீலெஃபெல்டுக்கு ரயில் ஏறினேன். கதவைத் திறப்பானோ என்பதுதான் வழியெல்லாம் யோசனை. திறந்தான். இரண்டு கையாலும் வாங்கி, கடந்துபோன தேதியை வாசித்து, "கட்டாயம் வாறன் அண்ணை" என்றான்.

ஒட்டு அண்ணை அவனைச் சாமத்திய வீட்டுப் படத்தில் என் பக்கத்தில் ஒட்டித் தந்தார். காசு கொடுக்க, ஆளுக்கொரு இருபது யூரோத் தாளோடு இருவரும் போனோம்.

"மாத்திக் குடுக்கக் காசில்லை. ரெண்டு பேருமா இன்னொரு நாளைக்கு வாங்கோ."

"சரியாத்தானே இருக்கு அண்ணை," என்றான் தம்பி.

"இன்னொரு நாளைக்கு."

அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் இருவருமாகப் போனோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரிடம் மாற்றிக் கொடுக்கக் காசில்லை. நாற்பது யூரோ இன்னும் பாக்கி.