வில்லங்கம் எழுதிக்கொடுத்த ஆறு செண்டு

திண்டிவனத்தில் வில்லங்கத்தின் கடைக்குள் சிரித்த முகத்தோடு நுழைந்து, அதே முகத்தோடு வெளியே வந்தவர் இன்றுவரை ஒருவரும் கிடையாது. பத்திரம் எழுதுவது அவர் தொழில். எழுதாமல் இருக்கக் காரணம் தேடுவதுதான் அவருக்கு உயிர். பெற்றவர்கள் வைத்த பெயரை ஊரே மறந்து பல வருடம் ஆகிறது.

நான்கு வருடங்களுக்கு முன், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீடு கட்ட ஆறு செண்டு மனை பார்த்தேன். டவுனுக்குள்ளேயே, கிழக்கு பார்த்த இடம். கையிலிருந்த மொத்தச் சேமிப்பும் அதற்குத்தான். சொந்தக்காரர் ஆரோக்கியசாமி, பிரான்சில் குடியேறி அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். தன் சார்பில் கையெழுத்துப் போட, புதுச்சேரியில் இருக்கும் மச்சானுக்கு பவர் எழுதி அனுப்பியிருந்தார். புரோக்கர் ஏழுமலை, "வர்ற புதன்கிழமை ஜல்தியா முடிச்சிடலாம் சார்" என்றார். நம்பிப் போய் வில்லங்கத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் பவர் பத்திரத்தை மூன்று முறை படித்தார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம தூதரகத்துல போய் கையெழுத்து போட்டாரா?"

"இல்லீங்க. அங்க பக்கத்துல ஒரு நோட்டரிகிட்ட..."

"பிரெஞ்சுக்காரன் முத்திரைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஃப்ரேம் போட்டு மாட்டிக்கட்டுமா? ஆளுக்கு போன் போடுங்க."

வீடியோவில் ஆரோக்கியசாமி வந்தார். பின்னால் பூப்போட்ட திரைச்சீலை, கையில் காபி. வணக்கம் கூடச் சொல்லாமல் வில்லங்கம் கேட்டார்: "நீங்க உயிரோட இருக்கீங்களா?"

ஆரோக்கியசாமிக்குக் காபி சிந்திவிட்டது. "இருக்கேனே ஐயா!"

"நீங்க சொன்னா செல்லாது. பவர் குடுத்தவரு உயிரோட இருக்காருன்னு சர்டிபிகேட் வேணும். பழசு ஆகாது, புதுசா வாங்குங்க."

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அது முதல் வாரம். அடுத்த வாரம் வரி.

"இந்த வெலைக்கு உள்ளூர்க்காரரு வித்தா நீங்க வரி புடிக்க வேணாம். வெளிநாட்டுல இருக்கறவரு வித்தா, எம்மாம் சின்ன தொகையா இருந்தாலும் நீங்கதான் புடிச்சி கட்டணும்."

"லாபம் அவருக்கு. வரி நான் ஏங்க கட்டணும்?"

"அவரு கட்டாம வுட்டுட்டா கவர்மெண்டு யாரத் தேடும்? பிரான்சுக்கா போவும்? உங்க வீட்டுக் கதவத்தான் தட்டும். அதுக்கு முதல்ல, வரி புடிச்சி கட்டறவங்களுக்குன்னு குடுக்கற டான் நம்பர் வாங்கணும்."

"பான் கார்டு இருக்குதே."

"பான் வேற, டான் வேற. முப்பது வருசம் பாடம் எடுத்தீங்களே, ஒரு எழுத்து மாறினா அர்த்தம் மாறாதா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பக்கம் ஆரோக்கியசாமிக்கும் கொதித்தது. மொத்த விலைக்கும் வரி பிடித்தால் எப்படி, லாபத்துக்குத்தானே வரி என்று போனில் கத்தினார். வில்லங்கம் அசையவே இல்லை. "வருமானவரி ஆபீசுல மனு போட்டு, இவ்ளோதான் புடிக்கணும்னு உத்தரவு வாங்கிக்கினு வாங்க. அதுவரைக்கும் நான் பேனாவத் தொட மாட்டேன்."

இரண்டு மாதம் ஓடியது. வானூரிலிருந்து வேறு ஒரு பார்ட்டி அதே மனைக்கு ரெடியாக நிற்பதாக ஏழுமலை தினமும் ஒரு முறை சொன்னார். "இந்த வில்லங்கம் பேஜாரு சார். விழுப்புரத்துல நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு, ஒரே நாள்ல முடிச்சிடுவாரு." வீட்டிலும் நிம்மதியில்லை. "நீங்க மனை வாங்கறது அவருக்குப் புடிக்கலையோ என்னமோ" என்றாள் மனைவி.

ஒருநாள் கோபத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் பெயரையும் விலையையும் மட்டும் கேட்டார். வேறு ஒரு கேள்வி இல்லை. சொர்க்கம் போல இருந்தது. அப்போது பக்கத்திலுள்ள காணை கிராமத்திலிருந்து ஒருவர் கையில் நோட்டீசோடு உள்ளே வந்து கூச்சல் போட்டார். துபாயில் இருப்பவரிடம் கடை வாங்கினாராம். வரி பிடிக்கவில்லையாம்.

"வித்தவரு போனே எடுக்கல. வட்டியோட என்னியக் கட்டச் சொல்றாங்க! நீ ஒரு வார்த்தை சொன்னியாய்யா?"

எழுத்தர் விட்டத்தைப் பார்த்தார். நான் மெதுவாக எழுந்து, என் காகிதங்களை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

வில்லங்கத்துக்கு நான் விழுப்புரம் போனது தெரிந்திருந்தது. சிறிய ஊர். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஆதார் ஜெராக்ஸ் இன்னும் வரல" என்றார், அவ்வளவுதான்.

சான்றுக்கு மேல் சான்று கேட்டதில் ஆரோக்கியசாமி வெறுத்துப்போய், பவரே வேண்டாம் என்று விமானம் ஏறி நேரில் வந்துவிட்டார். வரி உத்தரவும் கையில் இருந்தது. பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ஒரு விதமாகவும் தாய்ப்பத்திரத்தில் வேறு விதமாகவும் இருக்கிறது என்று பதிவு நாளன்றும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார் வில்லங்கம். மாலை நான்கு மணிக்குக் கிரயம் முடிந்தது. அந்த உத்தரவுப்படி பிடித்த வரியை நான் கட்டி, ரசீதை ஆரோக்கியசாமிக்கு அனுப்பினேன். எனக்கு எந்த நோட்டீசும் வரவில்லை.

பதிவு அலுவலக வாசலில், விடைபெறும்போது சும்மா கேட்டேன்: "உங்களுக்கு எத்தனை மனைங்க இருக்கு?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு கூட இல்ல சார். பாத்த எடத்துல எல்லாம் எதனா ஒரு கொறை இருந்துச்சி. வாடகை வூடுதான்."

வீடு கட்டி முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரை வரச் சொன்னேன். வருகிறார். வேலிக் கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை நம் எல்லைக்குள் வருவதாகச் சண்டை பிடித்து, இரண்டு காபி குடித்துவிட்டு எப்போதும் போல முறைத்துக்கொண்டே கிளம்புகிறார். அவர் வராத ஞாயிறுகளில் இந்த ஆறு செண்டு, எனக்கும் மனைவிக்கும் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.