மூணே தாராளம் என்று வாங்கிய ரேம்

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்காவும் நலம்தான், என்னோடு பேசுவதுதான் குறைந்துவிட்டது. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

அவள் வீட்டு வரைபடம் போடும் கம்ப்யூட்டர் மகா மந்தமாகிவிட்டது. திரையில் ஒரு சுவர் தெரிவதற்குள் வெளியே ஒரு வீட்டையே கட்டிவிடலாம். ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கூட்டினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அவள் மனை பார்க்கப் போன நேரத்தில் வாங்கிப் போட்டு அசத்திவிடலாம் என்று கடைக்குப் போனேன். "டிடிஆர் மூணா, நாலா சார்?" என்றார் கடைக்காரர். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், "மூணே தாராளம்" என்றேன்; அது ரகத்தின் பெயர், எண்ணிக்கை இல்லை என்று அப்போது தெரியாது. "உங்க போர்டு எதை ஏத்துக்கும்னு பார்த்துட்டு வாங்களேன்" என்றார். கேட்டேனா? வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தால் உட்காரவில்லை. பட்டையின் அடியில் உள்ள வெட்டு ஓரிடத்தில், பள்ளத்தில் உள்ள மேடு வேறிடத்தில். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். காலமெல்லாம் கண்டக்டராக இருந்து படியில் தொங்கினவனையெல்லாம் உள்ளே தள்ளின கை ஆயிற்றே, "உள்ள போப்பா, இடம் இருக்கு" என்று ஓர் அழுத்து அழுத்தினேன். டப்பென்று ஓரத்துப் பிடி உடைந்தது. பழையதையே திரும்பச் செருகினேன். திரை இருட்டு, பெட்டி மட்டும் பீப் பீப் என்று அழுதது. மறுநாள் ஒரு டீச்சரம்மாவுக்கு அவள் வரைபடம் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "போகட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எல்லாவற்றையும் கையாலேயே வரைந்தால் கண்ணும் விரலும் என்னத்துக்காகும்? சாத்திய கதவைப் பார்க்கும்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை, மச்சான். நல்லது செய்யப் போய் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன். இதெல்லாம் பழுது பார்க்கிற ஆள் நீ. தற்செயலாக வந்தவன் போல வந்து சரிசெய்து கொடு. என் பேச்சை எடுக்காதே.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எதையும் திறக்காமல் நன்றாக இருக்கட்டும்.

வருத்தத்துடன்,
உன் அத்தான்

பி.கு.: உறையில் எழுத உன் முகவரி நினைவில்லை; ஏதாவது சாக்குச் சொல்லிக் கேட்கலாம் என்று கதவைத் தட்டினேன். திறந்தால், திரை பளிச்சென்று எரிகிறது, அதில் ஒரு மாடி வீடு!

"அன்னைக்கே என் தம்பி வந்து சரி பண்ணிட்டானே. நீங்க வெளியே நடக்கப் போயிருந்தீங்க" என்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா மறுபடியும் திறப்பீங்க."